பாதி வெட்டிய புல்

மார்ச் மாதம். வியாழக்கிழமை மாலை நான்கு மணி. தம்மாமில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. மறுநாள் காலை அங்கே பிள்ளைகளின் கால்பந்துப் போட்டி. தமிழ்ப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள், எகிப்துப் பிள்ளைகள், சூடான் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஆடும் போட்டி அது. அதற்காகத் தோட்டத்து அண்ணன் வண்டியில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

பாதித் திடல் முடிந்தது. தண்ணீர் குடிக்க வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் திருப்பினார். அப்போதும் இல்லை. அவருடைய முகம் வாடிவிட்டது.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லுவாங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் மாமா வேலை முடிந்து வந்தார். அவர் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவர். தம்மாமுக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று அவர் அந்த வண்டியில் பழுதைத் தேடிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி என்ன சொல்கிறது?

மாமா முதலில் வண்டியைத் தொடவே இல்லை. கேள்வி கேட்டார்.

"சாவியத் திருப்பினா 'டக்'குன்னு ஒரு சத்தம் வருதா? இல்ல 'டக் டக் டக்'குன்னு வருதா?"

"ஒண்ணுமே வரல மாமா" என்றாள் என் மகள்.

இந்தக் கேள்வி முக்கியமானது. 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால், பெரும்பாலும் பேட்டரியில் சக்தி குறைந்துவிட்டது என்று பொருள். ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால், உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பெரிய மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை. ஒரு சத்தமும் வராவிட்டால் உத்தரவே போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ பாதை அறுந்திருக்கிறது.

அடுத்து இன்னொரு கேள்வி கேட்டார். "அண்ணன் வண்டிய விட்டு இறங்குறப்போ இன்ஜின் தானா நின்னுச்சா?"

பக்கத்து வீட்டுப் பையன் உடனே சொன்னான். "இல்ல மாமா. போன வாரம் எங்க பந்து முன்னாடி போய் விழுந்துச்சு. அண்ணா இறங்கி எடுத்துக் குடுத்தாங்க. வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. கத்தியும் சுத்திக்கிட்டு இருந்துச்சு."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

தம்மாமில் வயருக்கு என்ன கஷ்டம்?

தம்மாம் கடற்கரை நகரம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். கடலிலிருந்து உப்புக் காற்று வீசும். ஈரம் அதிகம். நடுவில் மணல் காற்று வேறு. மனிதர்களுக்கே கஷ்டம் என்றால் வயர் என்ன செய்யும்? வயரின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை வெயிலில் காய்ந்து, விறைத்து, வெடித்துவிடுகிறது. உள்ளே இருக்கும் செம்பில் உப்பும் ஈரமும் பட்டுப் பச்சையாக ஒரு பூச்சு படிகிறது. இதற்குத் தமிழில் களிம்பு என்று பெயர். ஊரில் பாட்டி செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் களிம்பைப் போக்கத்தான். களிம்பு பிடித்த இடத்தில் மின்சாரம் சரியாகப் போகாது.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலைவனத்தில் புல் எப்படி வளர்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இங்கே திடல்களில் அதிகம் வளர்ப்பது பெர்முடா புல். வெயிலையும் உப்பையும் தாங்கும். இது வேறு எதுவும் இல்லை, நம் ஊர் அறுகம்புல்தான். வயல் வரப்பில் தானாக முளைக்கும் அதே புல்லுக்கு இங்கே தினமும் தண்ணீர் விட்டு, வண்டி வைத்து வெட்டுகிறோம். எனக்கு இது இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

போகவும் வேண்டும், வரவும் வேண்டும்

மாமா வண்டியின் மூடியைத் திறந்தார். பேட்டரி தெரிந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். கறுப்பு வயர் நேராகப் போய் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது.

"மாமா, கறுப்பு வயர் அங்கேயே முடிஞ்சு போச்சே? மத்த எல்லாத்துக்கும் ஒரு வயர்தான் போகுது. திரும்பி வர வயரே இல்லையே?" என்று மகள் கேட்டாள்.

"நல்ல கேள்வி மக்கா. கரண்ட்டு பேட்டரிலருந்து கிளம்பினா, வேலைய முடிச்சிட்டுத் திரும்பி பேட்டரிக்கே வந்தாகணும். சுத்தி வரதாலதான் அதுக்கு மின்சுற்றுன்னு பேரு. இங்க திரும்பி வர வழி இந்த இரும்பு உடம்புதான். இதத்தான் பாடி எர்த்னு சொல்லுவோம்."

நீங்களும் இதைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்து பார்க்கலாம். ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல், ஒரு சின்ன டார்ச் பல்பு, இரண்டு துண்டு வயர் போதும். ஒரு வயரின் நடுவில் ஒரு எவர்சில்வர் கரண்டியை வைத்து இணையுங்கள். பல்பு எரியும். வண்டியின் இரும்பு உடம்பும் அந்தக் கரண்டியைப் போலத்தான் வேலை செய்கிறது. ஆனால் சுவரில் இருக்கும் பிளக்கில் இந்த விளையாட்டு கூடவே கூடாது. அது உயிரை எடுக்கும் மின்சாரம்.

மாமா கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மோதிரமோ ஸ்பானரோ பட்டுவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடுமாம். பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 12.5 என்று காட்டியது.

இந்த வகைப் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். நிறைய சக்தி இருக்கும்போது மொத்தம் 12.6 வோல்ட் வரை காட்டும். 12-க்குக் கீழே வந்தால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது பார்த்தால் சுமார் 14 வரை ஏற வேண்டும். இன்ஜினோடு சுற்றும் காந்தங்கள் பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கிப் பேட்டரியை நிரப்புகின்றன. நகரும் காந்தம் கம்பியில் மின்சாரம் உண்டாக்கும் என்பதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த வழியில்தான் இன்றைக்கும் செய்கிறோம்.

"பேட்டரி ஜம்முன்னு இருக்கு" என்றார் மாமா. முனைகளையும் அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. சில வண்டிகளில் முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். தண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துக் கழுவினாலே போய்விடும். இங்கே அதுவும் இல்லை.

அடுத்தது ஃபியூஸ். மஞ்சள் நிறத்தில் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே இருந்த மெல்லிய உலோகப் பட்டை உருகி, நடுவில் அறுந்திருந்தது.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"இல்ல. இப்பத்தான் தேட ஆரம்பிக்கிறோம்" என்றார் மாமா.

பச்சை ஃபியூஸ் போடலாமா?

அண்ணன் ஓடிப்போய் புது மஞ்சள் ஃபியூஸ் கொண்டு வந்தார். போட்டார். பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினார். பட்! அதுவும் போய்விட்டது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் அப்பா சொன்னார். "பச்சை ஃபியூஸ் ஒண்ணு என் கார்ல இருக்கு. அது இதைவிட ஸ்ட்ராங். அதப் போட்டு ஓட்டுங்க. நாளைக்கு மேட்ச் இருக்குல்ல?"

மஞ்சள் ஃபியூஸ் 20 ஆம்பியர் வரை தாங்கும். பச்சை 30 ஆம்பியர் வரை தாங்கும். அவர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் வயர்கள் 20 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஏற்றவை. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், வயர் சூடாவதற்கு முன்னால் ஃபியூஸ் தன்னை அறுத்துக்கொண்டு வயரைக் காப்பாற்றும். பச்சையைப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். வயருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

"ஃபியூஸ் போறது காய்ச்சல் மாதிரி, கேட்டியளா? காய்ச்சல அடக்கிட்டா நோய் போயிருமா? நோய் எங்கன்னு பாக்கணும்."

உத்தரவு போகும் வழி

சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுழற்றுவது ஒரு தனி மோட்டார். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை 'செல்ஃப்' என்பார்கள். "செல்ஃப் எடுக்கல" என்றால் இந்த மோட்டார் சுற்றவில்லை என்று பொருள். இதற்கு மின்சாரம் மிக அதிகமாக வேண்டும், நூறு ஆம்பியர்கூட ஆகும். அவ்வளவு மின்சாரத்தைச் சின்னச் சாவி தாங்காது. அதனால் நடுவில் சோலனாய்டு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். சாவி கொஞ்சம் மின்சாரத்தைச் சோலனாய்டுக்கு அனுப்பும். அது காந்தமாகி ஒரு கனமான செம்புத் தகட்டை இழுத்து, பேட்டரியையும் செல்ஃபையும் நேரடியாக இணைக்கும். அந்த 'டக்' சத்தம் இதுதான்.

சாவியிலிருந்து சோலனாய்டுக்குப் போகும் அந்தச் சின்ன மின்சாரம் நேராகப் போய்விடாது. வழியில் காவல்காரர்கள் உண்டு. வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். எங்கள் வண்டியில் மூன்று பேர். பிரேக் மிதித்திருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச் ஒன்று. கத்தி ஓடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச் ஒன்று. இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சுவிட்ச் ஒன்று. மூன்று பேரும் 'சரி' என்றால்தான் மின்சாரம் சோலனாய்டைத் தொடும்.

விளக்கை வைத்துத் தேடுதல்

இருட்டத் தொடங்கியது. மாமா தன் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். காரின் பிரேக் விளக்கில் இருக்கும் பல்பு. 12 வோல்ட், 21 வாட். அதில் இரண்டு வயர்களைச் சேர்த்திருந்தார்.

"இதுதான் நம்ம ஃபியூஸ்" என்று சொல்லி, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அந்த இரண்டு வயர்களையும் செருகினார்.

இது நல்ல யுக்தி. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டாம். பல்பு தன் வழியாக எவ்வளவு மின்சாரத்தை விடும்? 21-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.75 ஆம்பியர். அதற்கு மேல் அது விடாது. அதனால் வயருக்கு ஆபத்து இல்லை. எங்காவது வயரின் செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் வேலை ஏதும் செய்யாமல் குறுக்கு வழியில் பேட்டரிக்குத் திரும்பிவிடும். இதைத்தான் ஷார்ட் என்கிறார்கள். அப்போது பல்பு பளிச்சென்று எரியும்.

ஆரம்பிக்கும் முன் மாமா இரண்டு வேலை செய்தார். இன்ஜின் தப்பித்தவறிக்கூட ஓடாமல் இருக்க ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றினார். சோலனாய்டுக்குப் போகும் சின்ன வயரையும் கழற்றினார். பிள்ளைகளை நான்கு அடி தள்ளி நிற்கச் சொன்னார். அண்ணன் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சாவி அணைந்த நிலை. பல்பு எரியவில்லை.

"அப்போ ஃபியூஸ்லருந்து சாவி வரைக்கும் வயர் நல்லாருக்கு" என்றான் பையன். சரிதான்.

சாவி முதல் நிலை. பல்பு மிக மங்கலாகச் சிவந்தது. அது பெட்ரோலைத் திறந்துவிடும் சின்ன வால்வு எடுக்கும் மின்சாரம். அதில் தப்பில்லை.

சாவி ஸ்டார்ட் நிலை, பிரேக் மிதிக்கவில்லை. அதே மங்கல்.

"இப்போ பிரேக்க மிதிங்க."

அண்ணன் காலால் அழுத்தினார். பளிச்! எல்லார் முகத்திலும் வெளிச்சம் விழுந்தது.

"பிரேக் சுவிட்சுக்கு அந்தப் பக்கம்!" இந்த முறை பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

மாமா கத்தி சுவிட்சின் பிளக்கை உருவினார். பல்பு மங்கியது. திரும்பச் செருகினார். பளிச். அப்படியென்றால் பழுது அதற்கும் அப்பால். மிச்சம் இருப்பது இருக்கை சுவிட்சும் சோலனாய்டு வரை போகும் வயரும்தான். மாமா இருக்கையின் பின்பக்கத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார்.

பல்பு கண் சிமிட்டியது. இருக்கையை இறக்கினார், பளிச். தூக்கினார், மங்கல்.

"இங்கதான் இருக்கான்" என்றார்.

இருக்கைக்குக் கீழே

இருக்கையை முழுவதும் மடக்கிச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். சுவிட்சிலிருந்து பிளக்கை யாரோ எப்போதோ உருவியிருந்தார்கள். உருவிய பிளக்கின் இரண்டு துளைகளில் ஒரு துண்டு சிவப்பு வயரை வளைத்துச் செருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் வெயிலில் இளகி வழிந்திருந்தது. இருக்கையை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வயர் கீழே இருந்த இரும்புத் தகட்டில் உரசி உரசி உறை தேய்ந்துவிட்டது. உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது.

அதாவது, மூன்றாவது காவல்காரரைத் தூங்க வைத்துவிட்டு, அவர் எப்போதும் 'சரி, சரி' என்று சொல்வதுபோல ஒரு வயரை மாட்டிவிட்டார்கள். அந்த வயர்தான் ஃபியூஸைக் கொன்றது.

மாமா முதலில் கேட்ட கேள்வி இப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இருக்கை சுவிட்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கத்தி சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்துவிட்டால், அது இன்ஜினின் ஒரு வயரை இரும்பு உடம்போடு இணைத்துவிடும். உடனே ஸ்பார்க் நின்றுவிடும். இன்ஜினும் நின்றுவிடும். பிளக்கை உருவியதால் இந்த வேலையும் போய்விட்டது. அதனால்தான் போன வாரம் அண்ணன் இறங்கியும் கத்தி சுற்றிக்கொண்டிருந்தது.

யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மேடு பள்ளத்தில் இருக்கை குதிக்கும்போது இன்ஜின் அடிக்கடி அணைந்திருக்கலாம். சுவிட்ச் கெட்டுப்போய், புதியது வாங்க நேரமில்லாமல் இருந்திருக்கலாம். "யாரும் கெடுக்கணும்னு பண்ணிருக்க மாட்டாங்க. அவசரம்" என்றார் மாமா. பிறகு அண்ணன் தோளைத் தட்டினார். "இது நீ பண்ணுனது இல்லப்பா. நானே ஆபீஸ்ல வந்து சொல்லுதேன்." அண்ணன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மாமா சிவப்பு வயரை உருவினார். பிளக்கைச் சுவிட்சில் சரியாக மாட்டி மீட்டரை வைத்தார். சுவிட்சை எப்படி அழுத்தினாலும் அது இணையவில்லை. உள்ளே உப்பும் களிம்பும் போய்ச் செத்துப்போயிருந்தது.

"அப்போ வண்டி?"

"புது சுவிட்ச் வர வரைக்கும் ஓடாது."

பையனின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு நிமிஷ வேலைங்க. அந்த வயருக்குப் புது டேப் சுத்தி மாட்டிவிட்டா மிச்சப் பாதியும் முடிஞ்சிரும். பசங்க ஒரு மாசமா காத்துக்கிட்டு இருக்காங்க."

மாமா பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒரு கணக்குக் கொடுத்தார். "கத்தி அரை மீட்டர் நீளம். நிமிஷத்துக்கு 3000 சுத்து. கத்தியோட நுனி மணிக்கு எத்தன கிலோமீட்டர் வேகத்துல போவுது?"

நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு நுனி போகும் தூரம் சுமார் 1.57 மீட்டர். நொடிக்கு 50 சுற்று. அப்படியானால் நொடிக்கு 78 மீட்டருக்கு மேல். மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார் போகும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. ஒரு சின்னக் கல் அந்த நுனியில் பட்டால் அது எப்படிப் பறக்கும் என்று யோசியுங்கள். போன வாரம் பந்துக்காக அங்கே நின்றவன் அந்த அப்பாவின் மகன்தான்.

இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் சட்டங்களே வந்தன. கையால் தள்ளும் புல் வெட்டும் இயந்திரத்தில் கைப்பிடியை விட்டதும் மூன்று நொடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-இல் விதி நடைமுறைக்கு வந்தது. அவர் கணக்கைக் கேட்டுவிட்டு மகனின் தலையில் கையை வைத்தார். அதற்குப் பிறகு டேப்பைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் திறக்காது. போட்டி நடந்தது, பாதி வெட்டிய திடலில். ஒரு பக்கம் பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபக்கம் புல்லில் சிக்கி நின்றது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் முதலில் சிரித்தவர்கள் முகம் சுளித்தார்கள். மூன்றுக்கு மூன்று என்று சமமாக முடிந்தது. எல்லா கோலும் வெட்டிய பக்கத்தில்தான் விழுந்தது!

சனிக்கிழமை மாமா சனாயியாவுக்குப் போனார். வளைகுடாவில் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் நிறைந்த பகுதிக்கு அந்தப் பெயர். அரபுச் சொல். நம் ஆட்கள் சுருக்கி 'சனையா' என்பார்கள். புது சுவிட்ச் கிடைத்தது. அதை மாட்டி, வயரைத் தகட்டில் உரசாதபடி ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். பிளக்கின் முனைகளில் உப்புக் காற்று ஏறாமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ் தடவினார். கழற்றியிருந்த இரண்டு வயர்களையும் திரும்ப மாட்டினார். பல்பை வைத்து ஒரு முறை பார்த்துவிட்டு மஞ்சள் ஃபியூஸைப் போட்டார்.

அண்ணன் உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருப்பினார். டக், உர்ர்ர் என்று இன்ஜின் பிடித்தது. கத்தியை ஓடவிட்டார்.

"இப்போ லேசா எந்திரி" என்றார் மாமா.

அண்ணன் இருக்கையிலிருந்து எழுந்தார். இன்ஜின் அப்படியே நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். திரும்ப உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து மிச்சப் பாதியை வெட்டப் போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு பந்து உருண்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்றது. அவர் இறங்கினார், வண்டி அணைந்தது. பந்தை எறிந்துவிட்டு ஏறினார், பிரேக்கை மிதித்தார், சாவியைத் திருப்பினார்.

"ஒவ்வொரு பந்துக்கும் இப்படியா மாமா?" என்று தூரத்திலிருந்து கத்தினார்.

"ஆமா!" என்று மாமாவும் கத்தினார்.